கதையும் சொல்வோனும்

(ஓப்பநாயக்கவில் நடைபெற்ற இலக்கியக் கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



இலக்கியக் கூட்டத்திற்கு ஒரு சட்டத்தரணியை அழைத்தது எதற்காக என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். இலக்கியம் புலவர்க்கு, வழக்கு வழக்குரைஞர்க்கு என்று பங்கு பிரித்து வைப்பது நமக்குப் பழகிவிட்டது. ஆயினும் இவ்விரு துறைக்கும் பொதுவான வேலை ஒன்று உண்டு. ஒருவர் ஒரு கதையைச் சொல்கிறார். கேட்பவர், 'இவர் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம்?' என்று எடைபோடுகிறார். நீதிமன்றத்தில் அதற்குச் சாட்சியம் என்று பெயர். 1895-ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் அதற்கு வழிகாட்டுகிறது. இலக்கியத்தில் அந்த வேலைக்குச் சட்டப் புத்தகம் இல்லை. கேட்போரின் அறிவே சட்டம்.

நீங்கள் நாள்தோறும் காணும் நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன். மாலையிலே கொழுந்து நிறுக்கிறார்கள். ஒரு பெண்ணுக்கு அரைப் பேர் போடப்படுகிறது, தகராறு எழுகிறது. கங்காணி சொல்லும்போது அது சோம்பலின் கதை. கணக்கப்பிள்ளை சொல்லும்போது அது தராசின் கதை. அந்தத் தாய் சொல்லும்போது அது காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் கதை. நடந்தது ஒன்றுதான். கதைகள் மூன்றாயின. ஒவ்வொரு கதையிலும் அந்தப் பெண்ணை நாம் காண்கிறோம். அவளைக் காட்டிலும் தெளிவாகக் கதை சொல்பவரைக் காண்கிறோம். இன்று நான் பேச வந்த பொருள் இதுதான்: கதை, தன்னைச் சொல்வோனுக்கும் சாட்சியாகிறது.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தார்கள். சோழர் காலத்துப் பெருங்கவி கம்பன், அயோத்தியிலே இராமனுக்கு முடிசூட்டும் காட்சியைப் பாடுகிறான். வசிட்ட முனிவன் முடியைச் சூட்டுகிறான். அம்முடியை எடுத்துக் கொடுத்தவர் யார்? திருவெண்ணெய்நல்லூர்ச் சடையப்ப வள்ளலின் முன்னோர் என்கிறான் கம்பன். அயோத்தி எங்கே, வெண்ணெய்நல்லூர் எங்கே! வடமொழி ஆதிகாவியத்தில் அந்த வேளாளர் குடிக்கு இடமே இல்லை. ஆனால் தனக்குச் சோறிட்ட உழவனை விட்டுவிட்டு ஒரு மங்கல நிகழ்ச்சியைச் சொல்லக் கம்பனுக்கு மனம் வரவில்லை. அங்கே நாம் காண்பது இராமனின் முடியை மட்டுமா? கம்பனின் நன்றியையும் காண்கிறோம்.

கடல் கடந்தும் இதே உண்மையைக் காணலாம். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர், கந்தர்பரித் திருத்தலத்துக்குச் செல்லும் யாத்திரிகர்கள் வழிநடையில் கதை சொல்வதாக ஒரு நூல் செய்தார். இரத்தினபுரிப் பாதையாற் சிவனொளிபாதமலை ஏறியவர்களுக்கு வழிப்பேச்சின் சுவையை நான் விளக்க வேண்டியதில்லை. அந்த யாத்திரிகர்களுள் ஒருவன் பாவமன்னிப்புச் சீட்டு விற்பவன். பொருளாசையே தீமைகளின் வேர் என்று அவன் பிரசங்கம் செய்கிறான். தங்கத்தைக் கண்ட மூவர் ஒருவரையொருவர் கொன்று மாண்ட கதையைச் சொல்லிக் கேட்போரை நடுங்க வைக்கிறான். கதை நல்ல கதை. நீதி உயர்ந்த நீதி. ஆனால் தான் பிரசங்கம் செய்வதே பணத்துக்காகத்தான் என்று அவனே முதலில் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறான்! கதையின் நீதி ஒரு பக்கம், சொன்னவனின் நெஞ்சு மற்றொரு பக்கம் நிற்கும் நிலைக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

அன்பர்களே! நம் தமிழில் இதற்கு நிகரான, என் கருத்தில் இதனினும் ஆழமான, இடம் ஒன்று உண்டு. அது நம்முடைய இந்த இலங்கையிலே நடப்பதாகக் கம்பன் அமைத்த இடம். யுத்த காண்டத்திலே இராவணன் தன் மந்திராலோசனைச் சபையைக் கூட்டுகிறான். அனுமன் வந்து நகரை எரித்துச் சென்றுவிட்டான்; இனிச் செய்வது என்ன என்பது கேள்வி. தலைவர் பலர் போர் போர் என்று முழங்குகிறார்கள். கும்பகருணன் எழுந்து, மானத்தைப் பேசிக்கொண்டே பிறன் மனைவியை விரும்புகிறோமே என்று இடித்துரைக்கிறான். ஆயினும் வந்தபின் போர் செய்வதே வழி என்கிறான். பின்னர் இளையவன் வீடணன் எழுகிறான். அறிவுரை சொல்கிறான், அது ஏறவில்லை. அப்போது அவன் ஒரு கதை சொல்லத் தொடங்குகிறான். அதுவே இரணியன் வதைப் படலம். வான்மீகியின் காவியத்தில் வீடணனின் அறிவுரை உண்டு. அவன் இக்கதையைச் சொல்வது இல்லை. இது கம்பன் சேர்த்தது. இந்தப் படலத்தைச் சேர்த்ததற்காகத் திருவரங்கத்து அரங்கேற்றத்தின்போது தடை எழுந்ததென்றும், மேட்டழகிய சிங்கர் தலையசைத்து ஏற்றருளினார் என்றும் ஒரு செவிவழி வரலாறு இன்றும் வழங்குகிறது.

கதை நீங்கள் அறிந்ததே. இரணியன் மூவுலகையும் ஆள்கிறான். தன் பெயரையே எல்லாரும் ஓத வேண்டும் என்கிறான். அவன் மகன் பிரகலாதன் நாராயணன் பெயரை ஓதுகிறான். தீயிலிட்டும், பாம்பை ஏவியும், யானையை விட்டும், கடலில் எறிந்தும் மகன் சாகவில்லை. முடிவில் தூண் பிளக்கிறது, நரசிங்கம் தோன்றுகிறது, இரணியன் அழிகிறான்.

இதனை யார் சொல்கிறான் என்பதை மறவாதீர்கள். அண்ணன் சபையில் அண்ணனுக்கு எதிராக நிற்கும் தம்பி சொல்கிறான். தந்தை சபையில் தந்தைக்கு எதிராக நின்ற மகனின் கதையைச் சொல்கிறான். பிரகலாதனைப் பேசும்போதெல்லாம் வீடணன் தன்னையே பேசுகிறான். ஆகவே இந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வோம். மூன்று கேள்விகள் கேட்போம்.

முதற் கேள்வி: தன் எதிரியைப் பற்றி இவன் எப்படிப் பேசுகிறான்? பொய்ச்சாட்சி எதிரியைச் சிறுமைப்படுத்துவான். வீடணன் என்ன செய்தான்? இரணியனின் வலிமையையும் பெருமையையும் வானளாவ உயர்த்தினான். நரசிங்கம் எதிரே நிற்கும் வேளையிலும் இரணியனைக் கோழையாகக் காட்டவில்லை. 'இந்தச் சிங்கத்தையும் வெட்டி, உன்னையும் வெட்டி, பிறகு என் வாளைத்தான் வணங்குவேன். மகளிர் ஊடலிலும் வணங்கி அறியாதவன் நான்' என்னும் கருத்துப்பட ஒரு வீர மொழியை அவன் வாயில் வைத்தான். அண்ணன்பால் வெறுப்புக் கொண்டவன் இப்படிச் சொல்வானா? அண்ணனின் வீரத்தைப் பார்த்துப் பார்த்து வியந்து வளர்ந்த தம்பியாற்றான் இப்படிச் சொல்ல முடியும்.

இரண்டாம் கேள்வி: கதையிலே இவன் யாருடைய வாழ்வை விரும்புகிறான்? தூண் பிளந்த பின்னும் பிரகலாதன் தந்தையை நோக்கி, இப்போதாவது வணங்குங்கள், உங்கள் கொடுமையையும் அவன் பொறுப்பான் என்று வேண்டுகிறான். கடைசி நொடி வரையில் கதவு திறந்தே இருக்கிறது. இது சிறுவன் தந்தையிடம் சொன்ன சொல்லாக வருகிறது. உண்மையில் தம்பி அண்ணனிடம் வைக்கும் மன்றாட்டு அது. கதையை முடிக்கும்போதும் இராவணனை எம்பெருமான் என்றே அழைத்து, என் சொல்லை இகழ்ந்தால் தீமை விளைவது திண்ணம் என்று அமைகிறான்.

மூன்றாம் கேள்வி: இவன் எதை விட்டுவிட்டான்? வழக்கறிஞன் மிகவும் கூர்ந்து பார்க்கும் இடம் இதுவே. பாகவத புராணத்தின் ஏழாம் கந்தத்தில், இரணியன் இறந்தபின் பிரகலாதன் தன் தந்தையின் பாவம் தீர வேண்டும் என்று வரம் கேட்கிறான். வீடணன் சொன்ன கதையில் அந்த வேண்டுதல் இல்லை. எலும்பில்லாத இழிபிறவி எய்தினும் உன்மேல் அன்பு மாறாதிருக்க வேண்டும் என்பது மட்டுமே அங்கே பிரகலாதன் கேட்கும் வரம். தந்தையைத் தன் கண்முன் கொன்ற பின்னும் மனம் தளராத பிள்ளை என்று நரசிங்கமே அவனைப் பாராட்டுகிறது.

இந்த இடைவெளியிலேதான் இராவணன் நுழைந்தான்! கதை முழுவதையும் அவன் கேட்டான். அவன் காதில் விழுந்தது வேறு. அறத்தின் வெற்றியை அவன் கேட்கவில்லை. தந்தையின் உடல் பிளக்கப்பட்டபோது மகிழ்ந்திருந்த ஒரு மகனைக் கேட்டான். பகைவனுக்கு நண்பனான அந்த மகனுக்கு நீயே நிகர் என்றான். அவனைப் போலவே, நான் தோற்றபின் என் செல்வத்தை அடைந்து வாழ்வதுதான் உன் கருத்தோ என்று கேட்டான். அனுமனைக் கொல்லலாகாது என்று நீ தடுத்ததும் அதற்காகத்தானே என்று பழைய நிகழ்ச்சியையும் இழுத்துக் கோத்தான். பழிக்கு அஞ்சி உன்னைக் கொல்லாமல் விடுகிறேன், கண்ணெதிரே நில்லாதே என்று துரத்தினான்.

கேட்பவனின் குணமும் கதையில் தெரிகிறது, பாருங்கள். அரசிருக்கை ஒன்றையே உலகின் பெரும்பொருளாகக் கொண்டவன், எந்தக் கதையைக் கேட்டாலும் அதிலே அரசிருக்கையைத் தேடும் ஒருவனையே காண்பான். எச்சரிக்கை செய்த வாயைத் துரோகியின் வாய் என்றான். அன்றோடு அந்தச் சபையிலே இடித்துரைக்கும் குரல் ஒன்று குறைந்தது.

எனினும், தோழர்களே, இராவணன் எழுப்பிய ஐயத்தை நாம் எளிதில் தள்ளிவிடக் கூடாது. வீடணன் நால்வர் துணையோடு கடல் கடந்து இராமனிடம் சென்றான். இலங்கை அரசு அவனுக்கு உரியதென்று போருக்கு முன்னரே வாக்களிக்கப்பட்டது. கதை சொன்னவன் கதையால் ஆதாயம் அடைந்தான் என்பது மறுக்க முடியாத செய்தி. ஆதாயம் உள்ள சாட்சியை நீதிமன்றம் என்ன செய்யும்? அந்தக் காரணத்தாலேயே அவனைத் தள்ளிவிடாது. அவன் சொல்லைக் கூடுதல் கவனத்துடன் உரைத்துப் பார்க்கும். அவன் நடத்தை சொல்லோடு பொருந்துகிறதா என்று நோக்கும்.

கம்பன் அந்த விசாரணையையும் நடத்திக் காட்டுகிறான். இராமனின் பாசறையில் வீடணனை ஏற்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது பலர் மறுத்தார்கள். அனுமன் மட்டுமே கண்ணாற் கண்ட சாட்சியாக நின்றான். இரவிலே இலங்கையைச் சுற்றியபோது அவன் மனையின் தூய்மையைக் கண்டேன்; என்னைக் கொல்லும்படி ஆணை பிறந்தபோது தூதனைக் கொல்வது தகாதென்று தடுத்தவன் அவன்; இவையே அனுமனின் சான்று. அரசு கொடுக்கப்பட்டபோது வீடணன் கேட்டது என்ன? பரதனுக்குச் சூட்டிய முடியை, அதாவது இராமனின் திருவடி நிலையை, எனக்கும் சூட்டுக என்றான். எல்லாம் முடிந்து இராவணன் களத்தில் வீழ்ந்தபோது, அண்ணன் உடலின்மேல் விழுந்து அழுது, இறுதிக்கடன் செய்தவனும் அவனே. கதையிலே பிரகலாதன் தந்தைக்காகக் கேளாது விட்டதை, வாழ்க்கையிலே வீடணன் அண்ணனுக்காகச் செய்து முடித்தான். ஆதாயம் இருந்தது உண்மை. அன்பும் இருந்தது உண்மை. மனிதர் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறார்கள்.

இனி, இதே மனிதர்களைப் பிறர் எப்படிச் சொன்னார்கள் என்று பாருங்கள். 1934-ஆம் ஆண்டில் பாவேந்தர் பாரதிதாசன் 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' என்னும் நாடகத்தை மேடையேற்றினார். அங்கே இரணியன் சூழ்ச்சிக்குப் பலியான தமிழ் வீரன். சுயமரியாதை இயக்கத்தின் நெஞ்சம் அந்த நாடகத்தில் துடித்தது. மறுபுறம், பதினைந்தாம் நூற்றாண்டில் கோட்டை இராச்சியத்திலே தொட்டகமுவே ஸ்ரீ ராகுல தேரர் 'செலலிஹினி சந்தேசய' என்னும் தூதுக் காவியம் பாடினார். அதில் ஒரு நாகணவாய்ப் பறவை களனிக்குத் தூது செல்கிறது. யாரிடம்? வீடணனிடம். ஆறாம் பராக்கிரமபாகுவின் மகளுக்கு ஆண் மகவு அருளுமாறு வேண்டத்தான் அந்தத் தூது. நம் மேடைகளிலே காட்டிக்கொடுத்தவனுக்கு மறுபெயராக வழங்கும் வீடணன், களனி விகாரையிலே சிங்கள மக்கள் இன்றும் வணங்கும் காவல் தெய்வம்! ஒருவனைத் துரோகி என்பதும் தெய்வம் என்பதும் அவனைக் குறித்து நமக்குச் சொல்வதைவிட, அப்படிச் சொல்லும் சமுதாயத்தின் தேவையையும் அச்சத்தையும் குறித்து மிகுதியாகச் சொல்கின்றன.

இவையெல்லாம் புலவர் பொழுதுபோக்கென்று எண்ணிவிடாதீர்கள். இந்த ஓப்பநாயக்க, ஒரு காலத்தில் களனிவெளிச் சிறு ரயில் வந்து முடிந்த ஊர். அந்தப் பாதை தேயிலையையும் ரப்பரையும் ஏற்றிச் சென்றது. நம் மக்களைப் பற்றிய கதையை ஏற்றிச் சென்றவர்களோ வேறு பலர். 'இவர்கள் வந்தவர்கள், போகப் போகிறவர்கள்' என்பது அக்கதையின் சுருக்கம். அந்தக் கதையை நம்பித்தான் 1948-ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் ஏறக்குறைய ஏழு இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. அந்தக் கதையை நம்பித்தான் 1964-ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று, மூட்டைகளைப் பிரிப்பதுபோலப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை இருநாடும் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டது 1974-இல். 2003-ஆம் ஆண்டின் சட்டம் வந்த பின்னரே நாடற்றோர் என்னும் அந்த நீண்ட அத்தியாயம் முடிவை நெருங்கியது. அந்தக் கதையைச் சொன்னவர் யார்? அவர்களுக்கு அதில் என்ன ஆதாயம்? வாக்குப்பெட்டி அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? இக்கேள்விகளை உரிய காலத்திலே போதிய குரல்கள் கேட்டிருந்தால் வரலாறு வேறு வழியிற் சென்றிருக்கக்கூடும்.

ஆனால் இந்தத் தராசைப் பிறருக்கு மட்டும் பிடிப்பது நேர்மையாகாது. நாமும் இப்போது நம் கதையைச் சொல்லத் தொடங்கியிருக்கிறோம். நம் பிள்ளைகள் எழுதுகிறார்கள், ஆய்வு செய்கிறார்கள், மேடையேறுகிறார்கள். மகிழ்ச்சி. அந்தக் கதையில் நாம் எதை விட்டுவிடுகிறோம்? துரையின் கொடுமையைச் சொல்கிறோம். பெரிய கங்காணியின் கடன் ஏட்டைச் சொல்லும்போது குரல் தாழ்கிறது. தொழிலாளியைக் கடனோடு கட்டி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றிய துண்டு முறை 1921-இல் ஒழிக்கப்படும் வரையில், அதனால் வாழ்ந்தவர்களில் நம் மொழி பேசியவர்களும் இருந்தார்கள். லயத்துக்குள் இருந்த சாதிக்கோட்டைச் சொல்கிறோமா? கொழுந்தெடுத்த கைகளே சமைக்கவும் வேண்டியிருந்ததைச் சொல்கிறோமா? 1977-இலும் 1981-இலும் 1983-இலும் இச்சப்பிரகமுவ மண்ணில் நம்மவரின் லயங்கள் எரிந்தன. எரித்தவர்களைச் சொல்வது கடமை. அந்த இரவுகளில் கதவைத் திறந்து அடைக்கலம் கொடுத்த சிங்களக் கமக்காரர் இருந்தால், அவரையும் சொல்வது அதே அளவு கடமை. எதிரியின் பெருமையை மறைக்காத வீடணனின் நேர்மை நம் கதைக்கும் வேண்டும். அப்போதுதான் நடுநிலையாளர் நம் சாட்சியத்தை நம்புவார்கள்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும், கசப்பாயினும் கேளுங்கள். நம் சங்கங்களிலும் கட்சிகளிலும் ஒருவன் எழுந்து, தலைமை போகும் வழி தவறு என்றால், அவன் சொன்னதை ஆராய்வதற்கு முன்னரே அவனுக்கு ஒரு பெயர் சூட்டிவிடுகிறோம். 'வீடணன்' என்பது அப்பெயர்களுள் ஒன்று. இராவணன் செய்ததும் இதுதானே? கேள்வியைக் கேட்டான், கேட்டவனின் ஆசையைப் பற்றி மட்டும் சிந்தித்தான், கேள்விக்கு விடை சொல்லாமலே சபையைக் கலைத்தான். கேள்வி மட்டும் அவனோடு போர்க்களம் வரையில் சென்றது. எச்சரிப்பவனுக்கு ஆதாயம் இருக்கலாம். அதைத் தாராளமாக விசாரியுங்கள். விசாரித்த பின்னும் அவன் சொன்ன செய்தி மெய்யா பொய்யா என்ற கேள்வி அப்படியே மிஞ்சியிருக்கும். அதற்கு விடை சொல்லாத தலைமை, எவ்வளவு வீரமுடையதாயினும், தன் மக்களைக் காப்பாற்ற மாட்டாது.

ஆகவே இளைஞர்களுக்கு ஒன்று சொல்லி அமைகிறேன். இனி உங்களிடம் யார் கதை சொல்ல வந்தாலும், அவர் அமைச்சராயினும், துரையாயினும், சங்கத் தலைவராயினும், கறுப்பங்கி போட்ட என்னைப் போன்றவராயினும், அந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எதிரியைப் பற்றி இவர் எப்படிப் பேசுகிறார்? யாருடைய வாழ்வை விரும்புகிறார்? எதை விட்டுவிட்டார்? விடை கிடைக்கும் வரையில் கைதட்ட வேண்டாம். நீங்கள் கதை சொல்லும் நாள் வரும்போது, அதே கேள்விகளை முதலில் உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.